டவர் இல்லாத கடல்

புது போன் ஒன்று வரப்போகிறது என்றால் காலேஜ் பசங்களுக்கு இருக்கிற பரபரப்பே தனி. கேமரா எத்தனை மெகாபிக்சல், ராம் எவ்வளவு, 5ஜி உண்டா என்று ஒரு வாரத்துக்கு அதே பேச்சு. அந்தச் செய்திகளில் வராத ஒரு கணக்கு தூத்துக்குடிக் கடலில் இருக்கிறது. கரையிலிருந்து சுமார் 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் டவர் கிடையாது. அதற்கப்புறம் லட்ச ரூபாய் போனும் டார்ச் லைட்டும் ஒன்றுதான்.

யூடியூபில் 'தூத்துக்குடி மீனவன்' சேனலை லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். கடலை இத்தனை காலம் கரையில் நின்று சினிமாக்காரர்கள்தான் படம் பிடித்தார்கள். இப்போது வலை இழுக்கிறவரே கேமராவையும் பிடிக்கிறார். நல்ல மாற்றம்தான். ஆனால் நடுக்கடலில் எடுத்த வீடியோ, படகு டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்த பிறகுதான் நெட்டில் ஏறும். வீடியோ தாமதமானால் ஒன்றும் குடிமுழுகாது. புயல் செய்தி தாமதமானால்?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா தண்ணீர் பட்ட பாடாயிற்று. அடுத்த ஆண்டே, 2017 நவம்பர் 30 அன்று, கன்னியாகுமரி பக்கம் ஒக்கி புயல். கரையில் இருந்தவர்களுக்கு டிவி, வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் எச்சரிக்கை ஓடியது. நாட்கணக்கில் தங்கி மீன்பிடிக்கப் போனவர்களுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. தமிழகம், கேரளம் இரண்டிலும் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 300 பேருக்கு மேல்.

இத்தனைக்கும் கடலில் சேதி சொல்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1961 வரை இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. கல்லின் பாரத்தில் ஒருவர் அடியில் இறங்குவார், மேலே படகில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். மூச்சு முட்டினால் கீழிருப்பவர் கயிற்றைச் சுண்டுவார், மேலிருப்பவர் உடனே இழுப்பார். கயிறு பிடிக்க மனைவியின் தம்பியைத்தான் நம்புவார்கள் என்று சொல்வதுண்டு. அக்கா தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது! ஆக, அந்தக் கயிறு இரண்டு பக்கமும் பேசியது. செயற்கைக்கோள் காலத்தில் அதே வசதி வந்து சேர எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள்.

2010 முதல் இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி படகுகளில் உண்டு. ஆபத்தென்றால் பட்டனை அழுத்தலாம், சேதி செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குப் போகும். ஆனால் போய்ச் சேர்ந்ததா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. ஒக்கிக்குப் பிறகு 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. வானிலை எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் செயற்கைக்கோளிலிருந்து வாங்கி, ப்ளூடூத் மூலம் மீனவரின் போனுக்குத் தரும். நல்ல கருவிதான், ஆனால் இதில் பதில் சொல்ல முடியாது. முன்னது கீழிருந்து மட்டும் சுண்டும் கயிறு, இது மேலிருந்து மட்டும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது 2024 ஜனவரியில்தான். இஸ்ரோ கொண்டுவந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், உங்கள் சேதி கிடைத்தது என்ற பதில் படகுக்குத் திரும்பி வரும். நடுக்கடலில் தத்தளிப்பவனுக்கு அந்த ஒரு வரியை விடப் பெரிய அப்டேட் வேறென்ன வேண்டும்?

அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, விசைப்படகு, மோட்டார் படகு எல்லாம் சேர்த்து 1 லட்சம் படகுகளுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. செலவு சுமார் 364 கோடி. காமர்ஸ் பாடம் எதற்குத்தான் இருக்கிறது, வகுத்துப் பார்த்தால் படகுக்கு 36,400 ரூபாய். புது ஐபோன் விலைகூட இல்லை. ஒக்கிக்கும் இதற்கும் நடுவே ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டில் ஐபோன் எத்தனை மாடல் வந்தது என்று கேளுங்கள், பசங்க மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்.