ஷைஉ என்னும் மறைபொருள்

இயற்கணிதம் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் பயிலும் கலைக்கு அறபு மொழியில் 'அல்ஜப்ர்' என்பது பெயர். முறிந்த எலும்பைப் பொருத்திச் சீராக்குதலையும் அச்சொல் குறிக்கும். பக்தாதிலே கலீஃபா மஃமூன் ஆட்சி புரிந்த (813–833) காலத்தில், முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மீ அவர்கள் யாத்த நூலின் பெயரிலேயே ஜப்ர், முகாபலா என்னும் இரு சொற்களும் இணைந்து நிற்கின்றன. அந்நூலின் பயன் யாதென அவர்கள் முகவுரையிலே சொல்லியிருக்கிறார்கள்: வாரிசுரிமை, மரண சாசனம், பாகப் பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல். நூலின் பிற்பகுதியில் நெடும்பங்கு வஸிய்யத்துக் கணக்குகளே.

இவ்வாறிருக்க, மத்ரஸாக்களில் ஃபராயிள் கற்பிக்கும் நம்மவர் பலர் ஆறிலொன்று, எட்டிலொன்று எனப் பங்குகளை மனனம் செய்விப்பதோடு அமைந்துவிடுகின்றனர். ஜப்ரு பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு உரியதாம்! இதற்கு நாம் ஒருபோதும் உடன்பட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அயலூர் வணிகர் ஒருவர் மௌத்தானார். அவரிடம் உறவுப் பெண்மணிகள் மூவர் பவுன் காசுகளை ஒப்படைத்திருந்தனர். வணிகத்திலே புரட்டிக்கொள்ள இசைவும் அளித்திருந்தனர். ஆகவே மார்க்கச் சட்டப்படி அது அமானத்தாக நில்லாமல் கடனாகிவிட்டது. கடனைத் தீர்த்த பின்னரே வாரிசுகள் சொத்தில் கைவைக்கலாம் என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் யாருக்கு எத்தனை பவுன்? மர்ஹூம் அவர்களின் பேரேட்டில் மூன்றே வரிகள் இருந்தன. அப்பெண்மணிகள் இருவர் இருவராக வந்து இருப்பைக் கேட்டுச் சென்ற நாட்களில், வந்த இருவருக்கும் உரியதைக் கூட்டி ஒரே தொகையாக அவர் எழுதிவைத்திருந்தார். மூத்தவருக்கும் நடுவருக்கும் 11. நடுவருக்கும் இளையவருக்கும் 13. இளையவருக்கும் மூத்தவருக்கும் 16.

கணக்குப்பிள்ளை மூன்றையும் கூட்டி, கடன் 40 பவுன் என்றார். மக்கள் திகைத்தனர். அத்தனை கொடுத்தால் வீடும் மிஞ்சாது. ஆளுக்கு 5 பவுன் கொடுத்து முடித்துவிடலாம் என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். பெண்மணிகளிடம் சத்தியம் வாங்கலாம் என்றார் மற்றொருவர். கைம்பெண்களைச் சபையில் சத்தியத்துக்கு இழுப்பது நமக்கு ஒவ்வவில்லை. பேரேட்டை வாங்கிக்கொண்டு அமர்ந்தோம்.

அறியாத அளவை முன்னோர் 'ஷைஉ' என்பர். 'பொருள்' என்பது அதன் பொருள். மூவரின் மொத்தத்தை ஷைஉ என வைத்தோம். அதில் 13 நீங்கினால் எஞ்சுவது மூத்தவருடையது. 16 நீங்கினால் நடுவருடையது. 11 நீங்கினால் இளையவருடையது. இம்மூன்றையும் கூட்டினால் மூன்று ஷைஉவில் 40 குறையும். அதுவே மொத்தமாகிய ஒரு ஷைஉ. குறையை நிரப்ப இருபுறமும் 40 சேர்த்தோம். இது ஜப்ரு. மூன்று ஷைஉ, ஒரு ஷைஉவும் நாற்பதும் கூடியதற்குச் சமமாயிற்று. இருபுறமும் பொதுவாயிருந்த ஒரு ஷைஉவைக் கழித்தோம். இது முகாபலா. இரண்டு ஷைஉ 40, ஒன்று 20.

கடன் 20 பவுனே. ஒவ்வொருவர் பங்கும் ஈரிடத்தில் எழுதப்பட்டிருந்தமையால் 40 இரட்டித்த தொகையாயிற்று. மூத்தவருக்கு 7, நடுவருக்கு 4, இளையவருக்கு 9. ஆளுக்கு 5 என முடித்திருந்தால் இளையவர் 4 பவுன் இழந்திருப்பார். நடுவர் தமக்கு உரிமையில்லாத ஒரு பவுனைப் பெற்றிருப்பார். விடையை வெளியிடுமுன் மூவரையும் தனித்தனியே வினவச் செய்தோம். ஏழு, நான்கு, ஒன்பது என்றே மறுமொழி வந்தது.

இவ்வகைக் கணக்கு அல் குவாரிஸ்மீ அவர்களுக்கும் முந்தியது. கிரேக்க அறிஞர் டயோஃபாண்டஸ் 20, 30, 40 என்ற இணைத்தொகைகளைக் கொடுத்து 15, 5, 25 என்ற எண்களைக் கண்டிருக்கிறார். அந்நூலை ஒன்பதாம் நூற்றாண்டில் அறபியிலே பெயர்த்த குஸ்தா இப்னு லூக்கா, பஅல்பக் நகரத்துக் கிறித்தவர். அறிவு எவரிடமிருப்பினும் பெற்றுக்கொண்ட காலம் அது.

பேரேட்டில் தொகைகளோடு பெயர்களும் இருந்தது நல்லதாயிற்று. பெயரின்றித் தொகை மட்டும் இருந்திருந்தால் 7, 4, 9 என்பது தெரியும். எது எவருடையது என்பது தெரியாது. நால்வராயின் நிலைமை இன்னும் கடினம். 1, 4, 6, 7 என்ற எண்களை இரண்டிரண்டாகக் கூட்டினால் 5, 7, 8, 10, 11, 13 வரும். 2, 3, 5, 8 என்ற எண்களைக் கூட்டினாலும் அதே ஆறு தொகைகள்தாம்! எண்களின் எண்ணிக்கை 2, 4, 8, 16 என இரட்டிக்கும் வரிசையில் அமைந்தால் மட்டுமே இம்மயக்கம் நேரக்கூடும் என 1958இல் ஸெல்ஃப்ரிட்ஜ், ஸ்ட்ராஸ் என்னும் கணித அறிஞர் இருவர் நிறுவினர். கடனை எழுதிவைக்குமாறு திருமறை பணிப்பதை விளக்கும்போது இந்த இரு வரிசைகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம். மாணவர்கள் நம்பாமல் விரல்விட்டுக் கூட்டிப் பார்க்கின்றனர்.