இல்லை என்று சொன்ன கணக்கு

ஆறு வருடம் அலைந்து எங்கள் குடும்ப வரலாற்றை எழுதி, 2019இல் என் சொந்தச் செலவில் 300 பிரதிகள் அச்சிட்டேன். 248 பக்கம், கெட்டி அட்டை, ஏழு தலைமுறை வம்சாவளி. ஊர்த் திருவிழாவுக்கு வந்த பங்காளிகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தபோது, என் பெரியம்மா புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் புத்தகத்தில் நான் தெரிந்தே ஒன்றை மறைத்திருக்கிறேன். அதைப் பற்றிக் கேட்ட ஒரு அம்மாவிடம் முகத்துக்கு நேராகப் பொய்யும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் கொள்ளுத்தாத்தா கண்டிச்சீமையில், அதாவது இலங்கை மலைநாட்டில், பெரிய கங்காணியாக இருந்தவர். துறையூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆள் கட்டி, அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனவர். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி வழங்கியவை இரண்டே கதைகள். பஞ்சத்தில் வாடிய சனத்துக்குப் பிழைக்க வழி காட்டினார் என்பது ஒன்று. அய்யனார் கோயிலுக்குக் கல்மண்டபம் கட்டினார் என்பது மற்றொன்று. மண்டபம் இன்றும் நிற்கிறது. முதல் கதைக்குச் சான்று தேடித்தான் நான் கிளம்பினேன்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திர நகல்களுக்கு மனுப் போட்டேன். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில் தாத்தாவின் பெயரைக் கண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த வேலையில் இருக்கும் சந்தோஷம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். செத்துப்போன ஒருவர் ஒரு தாளின் ஓரத்திலிருந்து எழுந்து வருவது போல இருக்கும்.

2016இல் எங்கள் பழைய வீட்டுப் பரணில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே இரண்டு கணக்கு நோட்டுகள் இருந்தன. ஒன்று ஊர்க் கணக்கு. ரூபாய், அணா, பைசாவில் எழுதியது. மற்றொன்றில் அணா இல்லை, ரூபாயும் சதமும் இருந்தன. சதம் இலங்கைக் காசு. எனக்குக் கை நடுங்கியது. கொள்ளுத்தாத்தாவின் தோட்டக் கணக்கு அது.

எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். வருடங்கள் பரிதாபி, பிரமாதீச, ஆனந்த என்று போயின. பரிதாபி என்றால் 1912. படிக்கப் பழகவே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. 412 பேருக்குக் கணக்கு இருந்தது. ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், ஊர், பற்று, வரவு, நிலுவை. பெரும்பாலோர் சேரிகளிலிருந்து போனவர்கள். ஊரில் கொடுத்த முன்பணம் பற்று. வழிச்செலவு பற்று. மலைக்குளிருக்குக் கொடுத்த கம்பளி பற்று. அரிசி, கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் பற்று. வரவுப் பத்தி பாதிப் பக்கங்களில் காலியாக இருந்தது.

நோட்டுக்குள் மடித்து வைத்த துண்டுகளும் இருந்தன, பதினேழு. துண்டு என்பது மலையகத்தில் ஒரு காலத்தில் மனிதரின் விலையைச் சொன்ன தாள். ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், 'இவர் பேரில் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம்' என்று துரை கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். புதுத் தோட்டம் பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் அப்போதும் தீராது, ஆளோடு சேர்ந்து கைமாறும். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு என்பதால், ஆள் குறையாமல் பார்த்துக்கொள்வதே அவருடைய வரும்படி. கடன்தான் அதற்குக் கயிறு. அவரும் தோட்டத்துக்குக் கடன்பட்டவர்தான்; துரை கொடுத்த முன்பணம் அவர் தலையில்தான் ஏறியது. ஆனால் அவருக்கு ஊரில் நிலம் வாங்க முடிந்தது.

துண்டு முறையை இலங்கையில் 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். எங்கள் நோட்டில் நிலுவை 1926 வரை ஓடுகிறது.

காளயுக்தி வருடத்துப் பக்கங்களை நான் இன்றும் நிதானமாகப் படிக்க முடிவதில்லை. 1918. உலகம் முழுக்க விஷக்காய்ச்சல் வாரிக்கொண்டு போன வருடம். இலங்கைத் தோட்டங்களையும் அது விடவில்லை. நோட்டில் 31 பெயர்களுக்கு எதிரே 'இறந்தான்' என்று எழுதியிருக்கிறது. அதோடு கணக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த வரியில் 'பெண்சாதி பேரில்' என்றோ 'மகன் பேரில்' என்றோ அதே தொகை ஒரு சதம் குறையாமல் ஏறியிருக்கிறது. எழுத்து அழகான எழுத்து. எங்கள் வீட்டில் கொண்டாடுகிற அதே கையெழுத்து.

பிறகு பத்திரங்களை எடுத்து நோட்டின் பக்கத்தில் வைத்தேன். 1914இல் இரண்டு ஏக்கர், 1917இல் மூன்று, 1919 ஆகஸ்டில் நான்கு ஏக்கர் நஞ்சை. என் அப்பா படித்தது அந்த நஞ்சையின் நெல்லை விற்று. நான் படித்தது அப்பாவின் சம்பளத்தில்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. வரலாறு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டவன் கையில் மூல ஆவணம் கிடைத்திருக்கிறது. அதை உள்ளபடி அச்சிட வேண்டும். கொள்ளுத்தாத்தா மீது அன்பு வைத்துக்கொண்டே அதைச் செய்திருக்கலாம். நான் நோட்டை ஸ்கேன் எடுத்தேன், துணியில் சுற்றினேன், பெட்டியிலேயே திரும்ப வைத்தேன். புத்தகத்தின் 61ஆம் பக்கத்தில், அவர் நூற்றுக்கணக்கான குடும்பங்களை வறுமையிலிருந்து மீட்டுக் கண்டிச்சீமைக்கு அழைத்துச் சென்றார் என்று எழுதினேன். 'அழைத்துச் சென்றார்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலை முழுவதும் யோசித்தேன். 'கொண்டுபோனார்' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அது சரியான சொல். அதனால்தான் அதை அடித்தேன்.

குடும்பத்தார் தடுத்தார்கள் என்று பின்னால் இரண்டு நண்பர்களிடம் சொன்னேன். அதுவும் பொய். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நோட்டை நான் ஒருவருக்கும் காட்டவே இல்லை.

இதுவரை சொன்னது செத்தவர்களுக்குச் செய்த தவறு. இனிச் சொல்லப்போவது உயிரோடு இருந்தவருக்குச் செய்தது.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர்களை இரண்டு அரசுகளும் பங்கு பிரித்துக்கொண்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை மண்டபம் முகாமில் வைத்து, அங்கிருந்து பிரித்து அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது; இன்றைய டேன்டீ அதுதான். என் கொள்ளுத்தாத்தா ஆள் சேர்த்த அதே தோட்டத்துக் குடும்பங்கள் சில கோத்தகிரிப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு 2018இல் அங்கே போனேன். கங்காணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கிடைத்தால் புத்தகத்தில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம்.

ஒரு லயத்து வீட்டில் எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் என்னை உட்கார வைத்துச் சாயம் கொடுத்தார். வெறும் தேயிலைத் தண்ணீரும் கையில் கொஞ்சம் சர்க்கரையும். நான் யாருடைய பேரன் வழி என்று சொன்னதும் எழுந்துவிட்டார். அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. "எங்க அப்பாயி சொல்லுவாங்க ஐயா. தாத்தா காய்ச்சல்ல போயிட்டாரு. அவரு கடன அப்பாயிதான் கொழுந்து பறிச்சு அடைச்சாங்க, ஏழு வருசம்" என்றார். குரலில் குற்றச்சாட்டே இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போலச் சொன்னார்.

பிறகு கேட்டார்: "கங்காணி வீட்டுப் பேரேட்டுல எல்லாருக்கும் ஊரு பேரு எழுதி வச்சிருப்பாங்களாம். அதுல எங்க ஊரு இருக்குமா ஐயா? எங்களுக்குத் துறையூர்ப் பக்கம்னு மட்டுந்தான் தெரியும். பாஸ்போர்ட்டுலயும் திருச்சி ஜில்லானு மொட்டையா போட்டுட்டாங்க. இந்தியாவுக்கு வந்தும் எந்த ஊருன்னு தெரியாமயே இருந்துட்டோம்."

அவர் அப்பாயியின் பெயரைச் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் தெரியும். காளயுக்தி வருடத்து 31 பேரில் ஒருவரின் மனைவி. அந்தப் பக்கத்தின் நகல் என் தோள்பையில் இருந்தது. யாராவது பெயர் சொன்னால் ஒத்துப்பார்ப்பதற்காக நானேதான் எடுத்து வந்திருந்தேன். அந்த வரியில் ஊர் எழுதியிருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து நான்கு மைல். நான் சிறுவயதில் சந்தைக்குப் போன ஊர்.

"அப்படி எதுவும் கிடைக்கலைம்மா, எல்லாம் கரையான் அரிச்சிடுச்சு" என்றேன்.

"அப்படியா ஐயா" என்று சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஊரைச் சொன்னால் நோட்டைச் சொல்ல வேண்டும். நோட்டைச் சொன்னால் நிலுவையைச் சொல்ல வேண்டும்: 63 ரூபாய் 40 சதம். கோத்தகிரி மலையில் உட்கார்ந்து என் மனம் போட்ட கணக்கு அது. எனக்கு ஏழு தலைமுறை வேண்டியிருந்தது. அதற்காக ஆறு வருடம் அலைந்தேன். அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு ஊர்ப் பெயர். ஓடிப்போனால் தேடிப் பிடிப்பதற்காகக் கங்காணி எழுதி வைத்த ஊர்ப் பெயர்கள், அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே பூர்வீகச் சான்று. எங்கள் மானத்தை மறைக்க நான் சுற்றி வைத்த துணிக்குள் 412 குடும்பங்களின் வேர் இருந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்தேன். டெல்லி அலுவலகத்தில் விண்ணப்பித்து ஐ.எஸ்.பி.என். வாங்கினேன். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நூலின் பிரதி கன்னிமாராவுக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் போக வேண்டும் என்று படித்து, மற்ற பிரதிகளுக்கு முன்னால் அவற்றைத் தபாலில் சேர்த்தேன். அதில் எனக்குப் பெருமை. சொந்தமாகப் பதிப்பிக்கிறவனுக்கு மேலே ஆசிரியர் இல்லை, சரிபார்ப்பவர் இல்லை, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்க யாரும் இல்லை. அந்த இடத்தில் நான்தான் எனக்கு ஆசிரியராக இருந்திருக்க வேண்டும். நாளை மலையக வரலாறு எழுதும் ஒரு மாணவர் கன்னிமாராவில் என் 61ஆம் பக்கத்தை எடுத்தால், கங்காணி குடும்பத்தாரே எழுதியது என்று நம்பி மேற்கோள் காட்டுவார். வீட்டுக்குள் சொன்ன பொய்யாக இருந்தால் என்னோடு போயிருக்கும். இது நூலகத்தில் இருக்கிறது.

2022 டிசம்பரில் மறுபடி கோத்தகிரிக்குப் போனேன். தைரியம் வந்து போகவில்லை. அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட பயத்தில் போனேன். கட்டிலில் படுத்திருந்தார். நோட்டையே கொண்டுபோயிருந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து வாசித்தேன்: அவர் தாத்தாவின் பெயர், தாத்தாவின் தகப்பன் பெயர், ஊர், தொகை, பெண்சாதி பேரில் ஏறிய வரி. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஊரை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வாசலில் அவர் பேரன் என்னை நிறுத்தினார். "நாலு வருசத்துக்கு முந்தியே சொல்லியிருந்தா அப்பாயி நடமாட்டமா இருந்தாங்க சார். ஒருதரம் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அந்த அம்மா 2023 பங்குனியில் காலமானார். அந்த ஊரை அவர் பார்க்கவில்லை. பேரன் பார்த்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு 412 கணக்குகளையும் பெயர், தகப்பன் பெயர், ஊர் வாரியாகப் படியெடுத்துத் தனி நூலாக அச்சிட்டேன். 61ஆம் பக்கம் தவறு என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். முந்தைய நூல் போன நூலகங்களுக்கெல்லாம் இதையும் அனுப்பினேன். பங்காளிகளில் மூன்று வீட்டார் என்னோடு பேசுவதில்லை. பெரியம்மா முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இத முன்னாடியே போட்டிருக்கலாம்" என்றார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கலாம். கண்டிச்சீமைக் கணக்கு, மலாயாக் கணக்கு, பண்ணையாள் கணக்கு என்று எதுவாகவும் இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். குடும்பத்துக்கு ஆகாது என்று கட்டியும் வைக்காதீர்கள். அதில் இருக்கும் பெயர்களையும் ஊர்களையும் முதலில் படியெடுத்து, கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

எங்கள் நோட்டில் இருக்கும் 412 பேரில் 9 பேருடைய வாரிசுகளைத்தான் இதுவரை கண்டுபிடித்திருக்கிறேன். மீதி 403 பேரின் ஊர்ப் பெயர்கள் என்னிடம் இருக்கின்றன.