கைமாறும் பந்து

மாலை ஐந்தரை மணிக்கு நம் வளாகத்துக் கூடைப்பந்துத் திடலுக்குச் செல்வது என் வழக்கம். நாள் முழுதும் ஆய்வுக்கூடத்தில் குனிந்திருந்த முதுகு சற்றே நிமிர வேண்டும். அவ்வளவே என் நோக்கமாக இருந்தது. ஒருநாள், ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலை ஒன்றின் காவலாளியுடைய மகன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், வேலியோரம் நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பந்தை அவன் பக்கம் எறிந்தேன். அன்று தொடங்கியது எங்கள் பயிற்சி. என் தெலுங்கு அரைகுறை. அவன் தமிழும் அப்படியே. ஆயினும் நாள்தோறும் பிரியும் வேளையில், “ரேப்பு வஸ்தாரா அன்னா?” என்று கேட்பான். நாளை வருவீர்களா என்பது பொருள்.

தேர்வு நெருங்கியது. விடுதி நண்பர் ஒருவர் நகைத்தார்: “நீ என்ன பெரிய பயிற்சியாளனா? ஒரு கோப்பையாவது வாங்கித் தந்ததுண்டா?” வேடிக்கைப் பேச்சுத்தான், எனினும் தைத்தது. கோப்பைதான் பயிற்சியாளருக்கு அளவுகோலா?

ஆம் என்போர்க்குப் பிலிப்பைன்ஸ் நாட்டில் சான்று உண்டு. தெருவுக்குத் தெரு கூடைவளையம் தொங்கும் நாடு அது. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டித் தொடர் 1975-இல் அங்கேதான் பிறந்தது. அதில் பேபி தலூபன் என்னும் பயிற்சியாளர் பதினைந்து பட்டங்களைத் தம் அணிகளுக்கு ஈட்டித் தந்தார். 1976-இல் அந்த ஆண்டின் மூன்று பட்டங்களும் அவருடைய கிரிஸ்பா அணிக்கே! 2016-இல் அவர் மறைந்தபோது நாடே அவரை நினைவுகூர்ந்தது.

நம் நாட்டிலோ வேறொருவர் கதை உண்டு. அவர் பெயர் சங்கரன் சுப்பிரமணியன். பெயரைக் கேட்டாலே நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் கண்முன் வருகிறார் அன்றோ? அவர் பணியாற்றியது நெடுந்தொலைவில், பஞ்சாபின் லூதியானாக் கூடைப்பந்துக் கழகத்தில். பல்லோ கே என்னும் சிற்றூரிலிருந்து உழவர் ஒருவரின் மகன், சத்னாம் சிங், அங்கு வந்து சேர்ந்தான். வயதுக்கு மீறிய உயரம். ஆனால் உயரம் மட்டும் ஆட்டக்காரனை ஆக்கிவிடாது. பந்தைப் பிடிப்பது, காலை ஊன்றுவது, தோழனுக்குக் கொடுப்பது என்று அடிப்படைகளைக் கற்பித்தார் ஆசிரியர். 2010-இல், பதினான்கு வயதில், உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் பயிற்சிக்குச் சென்றான் மாணவன்.

2015-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி, அமெரிக்காவின் என்.பி.ஏ. தேர்வில் ஐம்பத்திரண்டாமவராகச் சத்னாமைத் தேர்ந்தெடுத்தது. அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அதைக் காண ஆசிரியர் இல்லை, 2013-இலேயே மறைந்துவிட்டார். சத்னாமும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றிலேனும் களமிறங்கவில்லை. கோப்பைக் கணக்கில் இது தோல்வியாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர்விட்டு ஊர் வந்த பையனை உருவாக்கி, தமக்குப் பின் வருவோர் கையில் ஒப்படைத்தாரே, அஃது அன்றோ பயிற்சியாளரின் வேலை!

பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்பவன் ஆட்டக்காரன் அல்லன் என்று அந்தச் சிறுவனுக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது அச்சொல் என்னையே நோக்கித் திரும்புகிறது. வரும் மே மாதம் படிப்பு முடிந்து நான் இவ்வளாகத்தை விட்டுச் செல்கிறேன். இதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல நா எழவில்லை. அவன் பெரிய ஆட்டக்காரன் ஆவானா, நான் அறியேன். இடக்கையால் பந்தைத் தட்டிச் செல்ல இப்போதுதான் பழகியிருக்கிறான். இந்நிலையில் விட்டால் மறந்துபோவான்.

ஆதலால் தோழர்களே, தோழியரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்பை கிடைக்காது, புகழும் கிடைக்காது. மாலை ஐந்தரை மணிக்குத் திடலுக்கு வர உங்களில் ஒருவர் முன்வந்தால் போதும். அடுத்த முறை அவன் “ரேப்பு வஸ்தாரா?” என்று கேட்கும்போது, வேறோர் அண்ணனோ அக்காவோ வருவார் என்று நான் துணிந்து சொல்ல வேண்டும்.