பெயரை முதலில் சொல்லிவிடுபவன்

திருவல்லிக்கேணிக்கு வந்து சேரும் மாணவனுக்கு முதலில் கிடைப்பது வீடல்ல, கட்டில். மேன்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மாளிகை என்று பொருள் சொல்லும் அகராதிக்காரர்கள் பெரிய தெருப் பக்கம் ஒருமுறை வந்து போகலாம். எட்டுக்குப் பத்து அறை, மூன்று இரும்புக் கட்டில்கள், சுவரில் முந்தைய குடியிருப்பாளர்கள் ஆணியடித்துவிட்டுப் போன ஓட்டைகள், தளத்தின் கோடியில் பொதுக் குளியலறை. ஊரில் வேலை தேடி வந்தவர், உதவி இயக்குநர், மருந்துக் கம்பெனி விற்பனையாளர், போட்டித் தேர்வுக்கு ஆறாவது முறையாகப் படிப்பவர், இவர்களுக்கு நடுவே கல்லூரி மாணவன். காலையில் ரத்னா கஃபேயின் சாம்பார் இட்லிக்குக் காசிருக்கும் நாட்கள் மாதத்தின் முதல் வாரத்தோடு முடிந்துவிடும்.

அந்தத் தெருக்களுக்கு வெளியூர்க்காரர்களை ஏற்றுக்கொண்ட பழைய வரலாறு உண்டு. 1912-ல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் வேலை கேட்டு ராமானுஜன் அனுப்பிய விண்ணப்பத்தில் உள்ள முகவரி, திருவல்லிக்கேணி சம்மர் ஹவுஸ். பாரதி தன் கடைசி நாட்களைக் கழித்ததும் துளசிங்கப் பெருமாள் கோவில் தெருவில் ஒரு வாடகை வீட்டில்தான். அந்த வீடு இன்று நினைவு இல்லம். வாடகைக்கு இருந்தவரின் பெயரால் ஒரு வீடு அறியப்படுவது நம் ஊரில் அபூர்வமாக நடக்கும் காரியம். அதற்கு அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆக வேண்டியிருக்கிறது.

நிற்க. நான் சொல்ல வந்தது 2003-ஆம் ஆண்டைப் பற்றி. முதுகலை இரண்டாம் பருவம். அறையில் மூவர் இருந்தோம். மேன்ஷனில் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ஊர்ப் பெயர்தான். நான் அருப்புக்கோட்டை. இன்னொருவன் சீர்காழி. மூன்றாமவன் ஆம்பூர். ஊர்ப் பெயரால் அழைப்பதில் ஒரு சௌகரியம் இருந்ததை அப்போது நான் கவனித்திருக்கவில்லை. ஊர்ப் பெயர் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.

சீர்காழிக்கு மஞ்சள் காமாலை வந்தது. மெஸ் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார் மருத்துவர். மேன்ஷனில் ஸ்டவ் பற்றவைக்க அனுமதி இல்லை. நோயாளிக்குக் கஞ்சி வைக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நாங்கள் வீடு தேடப் புறப்பட்டதற்கான உடனடிக் காரணம். இரவில் பக்கத்து அறைச் சீட்டாட்டச் சத்தம், நாள் வாடகைக்கு வந்துபோகும் அந்நியர்கள், மூட்டைப்பூச்சி என்று வேறு காரணங்களும் இருந்தன.

வீடு தேடுவதில் ஒரு கலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலத் தாளின் வரி விளம்பரங்களைப் பார்த்துத் தொலைபேசினால், 'இப்பத்தான் முடிஞ்சுது' என்ற பதிலே வரும். தெருத்தெருவாக நடந்து டு-லெட் பலகை பார்ப்பது இரண்டாவது வழி. பலகை மாட்டும் அளவுக்கு ஒரு வீடு காலியாக இருக்கிறது என்றால் அதில் ஏதோ குறை இருக்கும் என்பது அனுபவஸ்தர்களின் கருத்து. எங்களுக்கு மிகவும் உதவியவர் ஓர் இஸ்திரி வண்டிக்காரர். எந்த வீட்டிலிருந்து துணி வருவது நிற்கிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். வீட்டுக்காரர் பலகை வாங்கக் கடைக்குப் போகும் முன்பே அவரிடம் தகவல் இருக்கும். ராயப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் வரை அவருக்கு அவரையொத்த நண்பர்கள் இருந்தார்கள். அவர் ஒரு பைசா வாங்கியதில்லை.

தரகர் அப்படியல்ல. ஒரு மாத வாடகை அவருக்கு, பத்து மாத வாடகை வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ். மூவாயிரம் ரூபாய் வீட்டுக்குள் காலடி வைக்க முப்பத்து மூவாயிரம் வேண்டும். அந்தப் பணத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு தறி வாங்கலாம் என்று என் அப்பா தொலைபேசியில் சொன்னார். இதில் வேடிக்கை, அப்போது நடைமுறையில் இருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதை அனுமதிக்கவில்லை. நகரம் முழுவதும் அறிந்தே மீறிய அந்தச் சட்டத்தைப் பற்றித் தரகரிடம் ஒருமுறை சொன்னேன். "தம்பி, சட்டத்துல வீடு இருக்குதா பாருங்க, இருந்தா அங்கியே குடி போயிருங்க" என்றார். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019 பிப்ரவரியிலிருந்து வேறு சட்டம் வந்திருக்கிறது. அது மூன்று மாதம் என்று வரம்பு சொல்கிறது. ஆனால் இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய, என்று ஒரு விலக்கும் உண்டு. சென்னையின் வழக்கம் முழுவதும் அந்த விலக்குக்குள் வசதியாகக் குடியிருக்கிறது.

பணத்தை எப்படியோ புரட்டிவிடலாம் என்று தெரிந்தபின்தான் உண்மையான தேடல் ஆரம்பித்தது. வீட்டுக்காரர்கள் யாரும் சாதி கேட்பதில்லை. இதை நான் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். அந்த நான்கு மாதங்களில் ஒருவர்கூட அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை. அவர்கள் கேட்டது இப்படித்தான்:

"எந்த ஊருப்பா?"

"அருப்புக்கோட்டைங்க."

"அருப்புக்கோட்டைல எந்தப் பக்கம்?"

தெருப் பெயரைச் சொன்னேன். தெருப் பெயர் அவருக்குப் போதவில்லை.

"அப்பா என்ன பண்றாங்க?"

"தறி வச்சிருக்கார்."

"சரி சரி. குலதெய்வம் எங்க இருக்கு?"

வாடகைக்கு வருகிறவனின் குலதெய்வம் எங்கே இருந்தால் இவருக்கென்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் என் பதிலைக் கேட்டதும் அவர் முகம் சற்று இளகியது. குலதெய்வத்தின் ஊர் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடுகிறது. இன்னொரு வீட்டில் சாப்பாட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். "நீங்க சைவமா, இல்ல எல்லாம் சாப்பிடுவீங்களா?" எல்லாம் என்ற சொல்லை அந்த அம்மாள் உச்சரித்த விதத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது.

ஆம்பூர் நண்பனுக்கு இந்தப் படிக்கட்டுகள் எதுவும் தேவைப்படவில்லை. அவன் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது. முதல் ஐந்தாறு வீடுகளில் அவன் எங்களுக்குப் பின்னால் நின்றான். அறைகளைப் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து, வாடகை பேசி, கடைசியில் பெயர்களைக் கேட்கும்போது பேச்சு நின்றுபோகும். 'ஊர்லேருந்து சொந்தக்காரங்க வராங்க', 'பையன் கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்', 'பெயிண்ட் அடிக்க ரெண்டு மாசம் ஆகும்.' மரியாதையில் குறை வைத்தவர்கள் யாருமில்லை. ஒருவர் எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

ஏழாவது வீட்டிலிருந்து அவன் முறையை மாற்றினான். கதவு திறந்தவுடன் முன்னால் போய் நின்று, "வணக்கம் சார்" என்று தன் முழுப் பெயரைச் சொல்லிவிட்டு, பிறகுதான் "வீடு காலியா இருக்குன்னு சொன்னாங்க" என்பான். பாதி வீடுகளில் செருப்பைக் கழற்றும் வேலைகூட இருக்கவில்லை. "ஏண்டா இப்படிப் பண்றே?" என்று சீர்காழி கோபித்துக்கொண்டான். அவன் இன்னும் முழுக்கத் தேறவில்லை, வெயிலில் நடப்பது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "உனக்காகத்தான்டா. மாடி ஏறி இறங்கற வேலை மிச்சம்" என்றான் ஆம்பூர். அவன் சொன்னதில் கசப்பு இருந்ததா என்று இப்போது யோசித்தாலும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அவன் எதையும் கணக்காகப் பார்க்கிறவன். ஒரு நாளில் மூன்று வீடு பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அதற்குப் பிறகு எட்டு வீடு பார்த்தோம்.

தரகர் ஒரு வழி சொன்னார். ஒப்பந்தப் பத்திரத்தில் இரண்டு பேர் மட்டும் கையெழுத்துப் போடுவது, ஆம்பூர் 'வந்துபோகிற சிநேகிதன்' என்று இருந்துகொள்வது. அவன் சிரித்தான். "அண்ணே, என் பங்கு வாடகையையும் வந்துபோகிற வாடகைன்னு வாங்கிக்குவாங்களா?" என்று கேட்டான். தரகர் அதற்குப் பிறகு எங்களோடு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நியாயமாகாது. ஜாம்பஜாரில் ஒரு பெரியவர் ஆம்பூரின் பெயரைக் கேட்டதும் அவனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். தேநீர் வந்தது. எங்கள் இருவர் பெயரையும் கேட்டபிறகு, "நீ மட்டும்னா இன்னிக்கே சாவி தர்றேன் தம்பி" என்றார். பெண்பிள்ளைகள் இருக்கிற வீடு என்று காரணம் சொன்னார். அவன் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பாலுமகேந்திராவின் 'வீடு' 1988-ல் வந்தது. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டு, வாடகைக்கு வேறு வீடு தேடிச் சலித்து, சொந்தமாகக் கட்ட ஆரம்பிக்கிறாள் சுதா. அந்தப் படத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் கட்டும் பகுதியைப் பற்றி. எனக்கு அந்தத் தேடும் பகுதியே நினைவில் நின்றது. மாநிலத்தின் தலைநகரில் ஒரு நடுத்தர வர்க்கக் குடும்பத்துக்கே அந்தப் பாடு. மூன்று தனி ஆண்களை யார் வரவேற்பார்கள் என்று வீட்டுக்காரர்களின் பக்கத்தில் நின்றும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பென்ஷனும் வாடகையும் மட்டுமே வருமானமாக உள்ள ஒரு முதியவருக்கு, தலைக்குமேல் நடக்கப் போகிறவர்கள் யார் என்ற பயம் இயல்பானதுதான். ஆனால் அந்தப் பயம் ஏன் எப்போதும் பெயரிலும் அடுப்பிலும் போய் நிற்கிறது என்பதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. வாடகையை ஒழுங்காகத் தருவாயா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

வீடு கிடைத்தது தண்ணீரால். அந்த ஆண்டு ஏரிகள் வற்றிக் கிடந்தன. குழாய்களில் காற்று வந்தது. மெட்ரோ வாட்டர் லாரிகள் தெருமுனைக் கறுப்புத் தொட்டிகளை நிரப்பிவிட்டுப் போக, பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் பாடத்தில் படித்துவிட்டு வெளியே வந்தால் அதே நாவல் தெருவில் நடந்துகொண்டிருந்தது. ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இஸ்திரிக்காரர் காட்டிய வீட்டின் கதவைத் தட்டினோம். எழுபது வயது அம்மாள், தனியாக இருப்பவர், மூட்டுவலி. ஆம்பூர் வழக்கம்போலத் தன் பெயரைச் சொன்னான். அவர் எங்கள் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"விடியக்காலம் நாலு மணிக்கு லாரி வரும். எழுந்திருப்பீங்களா?"

"எழுந்திருப்போம்மா."

"எனக்கு அஞ்சு குடம். மாடிக்கு நீங்க எவ்வளவு வேணா எடுத்துக்குங்க. மாமிசம் சமைக்கக் கூடாது."

ஐந்து மாத அட்வான்ஸோடு பேச்சு முடிந்தது. பத்திரத்தில் மூன்று கையெழுத்து.

அந்த அம்மாள் எங்களிடம் பிரியமாகத்தான் இருந்தார். சீர்காழிக்குத் தினமும் மோரும் கஞ்சியும் கீழிருந்து வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பி கொடுப்பார். மூவருக்கும் ஒரே மாதிரி, கல்யாண வீடுகளில் கொடுக்கும் பிளாஸ்டிக் கப்பில். அவர் குடிப்பது எவர்சில்வர் டம்ளரில். கட்டுக்கட்டாக அந்தக் கப்புகளை வாங்கி வைத்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. முதல் நாள் மாடிக்கு வந்ததும் சீர்காழிதான் இதைப் பற்றிப் பேச்செடுத்தான். எல்லோருக்கும் ஒரே கப் என்பதால் இதில் தப்பில்லை என்பது அவன் கட்சி. ஒருவனுக்காக மூவருக்கும் கப் என்பதால் இது இன்னும் மோசம் என்பது என் கட்சி. நாங்கள் சத்தம்போட்டு வாதாடிக்கொண்டிருக்க, ஆம்பூர் குடத்தைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "என்னால உங்களுக்கும் டம்ளர் போச்சு, மன்னிச்சுக்குங்கடா." வாதம் அதோடு நின்றது. அந்த அம்மாளுக்கு விடிகாலையில் ஐந்து குடங்களையும் சமையலறை வாசல்வரை கொண்டுபோய் வைத்தவன் பெரும்பாலும் அவன்தான். எங்களில் நான்கு மணிக்குத் தானாக எழுந்திருப்பவன் அவன் ஒருவனே. வாசலுக்கு அப்பால் அந்தக் குடங்களை அவர் எப்படி நகர்த்தினார் என்பதை நாங்கள் பார்த்ததில்லை.

2004-ல் வீராணம் ஏரியிலிருந்து குழாய்வழித் தண்ணீர் சென்னைக்கு வந்தது. இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான பயணம். எங்கள் சந்துக்கு அது எட்டியபோது அந்த அம்மாள் கேசரி செய்து கொடுத்தார், கப்பில்தான். தண்ணீர் வந்துவிட்டது என்பதற்காக எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை, வாடகையையும் ஏற்றவில்லை. படிப்பு முடியும்வரை இருந்தோம்.

2005 மே மாதம் காலி செய்தோம். வெள்ளையடிக்கும் செலவு என்று எண்ணூறு ரூபாய் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை ஆம்பூர் கையில்தான் எண்ணிக் கொடுத்தார். கணக்கில் அவன்தான் சரியாக இருப்பான் என்று காரணம் சொன்னார். குடங்களை விட்டுவிட்டுப் போகச் சொன்னார், விட்டுவிட்டு வந்தோம். அடுத்த வாரம், மாடிப் பரணில் மறந்துபோன ஒரு புத்தகக் கட்டை எடுக்க நானும் ஆம்பூரும் போனோம். கேட்டில் புதிய பலகை தொங்கியது. சைவக் குடும்பத்தினருக்கு மட்டும் என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. அவன் அதை நின்று நிதானமாகப் படித்தான். மாடிக்குப் போய்க் கட்டை இறக்கிவிட்டு, போகிறபோக்கில் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தான். தண்ணீர் நன்றாகவே வந்தது. மூடிவிட்டு இறங்கினோம்.