கொப்பியும் கணினியும்

கண்டியிலே ஐப்பசி, கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் மழையோடுதான் கழிகின்றன. ஹந்தானை மலை முகிலுக்குள் மறைந்துவிடும். வாவிக்கரையில் உலாவ வருவோரும் குறைந்துவிடுவர். அத்தகைய நாள்களில் நாம் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இணையப் பக்கங்களைச் செப்பஞ் செய்துகொண்டிருப்பது வழக்கம். "கல்லூரியிலும் கணினி, வீட்டிலும் கணினியா?" என்று இல்லாள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. நாம் மாணவருக்குத் தகவல் தொழினுட்பம் கற்பித்துப் பிழைப்பவர்; ஓய்வு நேரத்திலோ கோயில்களுக்கும் நண்பர்தம் கடைகளுக்கும் இணையத்தளம் அமைத்துக் கொடுக்கின்றோம். கூலி பெரும்பாலும் ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு வடையுமே. ஆயினும் ஞாயிறு காலையில் நாம் செய்யும் வேலை வேறு. அது ஒரு கடனைத் தீர்க்கும் வேலை. அக்கடன் எவ்வாறு நேர்ந்ததென்பதைச் சொன்னால் மாணவர் சிலருக்கேனும் பயன்படக்கூடும்.

எம் தந்தையார் தெல்தோட்டைப் பகுதியிலே தோட்டப் பாடசாலையொன்றில் முப்பதாண்டுகள் ஆசிரியராக இருந்தவர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வணிகப் பயிராக நாட்டிய லூல்கந்துரத் தோட்டம் அப்பக்கத்திலேதான் இருக்கின்றது. டெயிலரின் பெயரைப் பல நூல்களிற் காணலாம். அவர் காட்டிய இடத்திற் கன்று நட்டவர்களின் பெயரைத் தேடினாற் கிடைப்பதில்லை. இக்குறை தந்தையாரின் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது. 1964ஆம் ஆண்டு அக்டோபரிற் கைச்சாத்தான ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. அதன்பின் அவருடைய வகுப்பறையில் வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. கோச்சியேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போன பிள்ளைகளின் பெயர், தாய் தந்தையர் பெயர், உடன்பிறந்தார் பெயர், குடியிருந்த லயம், புறப்பட்ட நாள் ஆகிய யாவற்றையும் அவர் கொப்பிகளிற் குறித்து வைத்தார். ஓய்வு பெற்ற பின்னர் அக்குறிப்புகளைக் கொண்டு இருபத்துநான்கு கட்டுரைகள் எழுதினார்.

2002ஆம் ஆண்டில் நாம் பட்டதாரியான புதிது. கணினியால் ஆகாதது ஒன்றுமில்லை என்று எண்ணியிருந்த பருவம். இருபத்துநான்கு கட்டுரைகளையும் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்து, இலவசமாக இடந்தந்த ஓர் இணைய நிறுவனத்திலே பக்கமொன்று திறந்து ஏற்றினோம். தந்தையாரைக் கண்டி நகரத்து இன்டர்நெற் கடையொன்றுக்கு அழைத்துச் சென்று காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதையெல்லாம் எங்கே வைத்திருக்கிறார்கள், மகன்?"

"அமெரிக்காவிலே, அப்பா."

"வாடகை யார் கொடுக்கிறது?"

"இலவசம், அப்பா."

"வாடகை கொடாத வீட்டிலே எப்போது எழும்பச் சொல்லுவார்களோ, யார் கண்டது?" என்று சிரித்தார். நாமும் சிரித்தோம். பழையகாலத்து மனிதரின் அச்சமென்று அதனை ஒதுக்கிவிட்டோம். மறு ஆண்டு கட்டுகஸ்தோட்டைக்கு வீடு மாறியபோது, ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்திருந்த கொப்பிகளைக் கண்டு, "எல்லாந்தான் கணினியில் ஏறிவிட்டதே, இனி இவை எதற்கு?" என்று சொன்னவர் நாமே. தந்தையார் மறுக்கவில்லை. பழைய தாள் வாங்குபவர் நிறுத்து எடுத்துச் சென்றார். அவற்றுட் சில கடலைச் சுருளாகி எங்கள் தெருவுக்கே திரும்பி வந்திருக்கவுங் கூடும்.

2011ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். ஆண்டுத் திவசத்தின்போது உறவினருக்குக் காட்டலாமென்று அப்பக்கத்தைத் தேடினால் அது இல்லை. இடந்தந்த நிறுவனம் சேவையை நிறுத்திவிட்டது. முன்கூட்டியே அறிவித்தல் அனுப்பியிருந்தார்களாம். நாம் திறப்பதை விட்டுவிட்ட பழைய மின்னஞ்சல் முகவரியில் அது படிக்கப்படாமலே கிடந்தது. குற்றம் எம்முடையதே. இஃது எமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. இவ்வகையிற் பேர்பெற்றிருந்த ஜியோசிட்டீஸ் 2009ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டபோது பல இலட்சம் பேரின் பக்கங்கள் மறைய இருந்தன; தன்னார்வலர் விரைந்து படியெடுத்தமையால் ஒரு பகுதி தப்பிற்று. நாம் இருந்த சிறு குடிலைத் தேடி எவரும் வரவில்லை.

பலநாள் தேடியபின் தங்கையின் பெட்டியில் இறுவட்டொன்று அகப்பட்டது. அதிற் பதினைந்து கட்டுரைகள் இருந்தன. திறந்தாலோ ஒரு தமிழெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் இயல்பு அது. கணினி தன்னுள்ளே ஆங்கில எழுத்தைத்தான் வைத்திருக்கும்; எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி அணிவிக்கும். முகமூடி இல்லாத கணினியில் உண்மை முகம் தெரிந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளியாக நாம் கண்டதெல்லாம் அதற்கு ஓர் அரைப்புள்ளியே. இன்றைய யூனிக்கோடு முறையிலோ தமிழெழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. 'க' என்பதற்கு 2965 என்றால் அஃது எந்நாட்டுக் கணினியிலும் 'க'வே.

ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு ஒரு சிறு நிரல் எழுதினோம். முதலில் எல்லாம் பிழையாயிற்று. பழைய முறையில் 'கொ' என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகளை அவ்வரிசையிலேயே தட்டவேண்டும். புதிய முறையிலோ ககரம் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் நிற்கும். ஒவ்வொரு விசையாக மாற்றப் புகுந்தாற் கொம்பு முன்னாலே தனித்து நின்றுவிடும். மூன்று சேர்ந்தவற்றை முதலிலும், இரண்டு சேர்ந்தவற்றை அடுத்தும், தனித்தவற்றை இறுதியிலும் மாற்றுதல் வேண்டும். இதனை உணர்வதற்கு எமக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. மூன்றாம் ஞாயிறு மாலையில், தந்தையாரின் முதற் கட்டுரை தமிழாய் எழுந்து நின்றது. அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினோம். அவர் ஒன்றும் பேசாமற் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

இம்முறை எமது சொந்த முகவரியிலே, ஆண்டுதோறும் கட்டணஞ் செலுத்திப் பக்கத்தை அமைத்தோம். பூவேலைப்பாடு எதுவும் செய்யவில்லை. 1991ஆம் ஆண்டிலே ஜெனீவா அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்ணர்ஸ்-லீ வெளியிட்ட முதல் இணையத்தளத்தின் படியை இன்றைய கைப்பேசியிலும் வாசிக்க முடிகின்றது. ஏனெனில் அது வெறும் எழுத்தும் இணைப்புமாக எளிமையாய் இருக்கின்றது. புதிய புதிய கருவிகளை மாணவருக்குக் கற்பிப்பது எமது தொழில். அவற்றை நாம் இகழோம். ஆயினும் நெடுநாள் நிற்கவேண்டியதை எளிய கருவியாற் செய்தல் நன்று என்பதைப் பட்டறிந்தோம். முகநூலிலும் ஒரு கட்டுரையை இட்டுப் பார்த்தோம். மூன்று நாள் பலர் கைதட்டினர். நான்காம் நாள் அது கீழே போய் மறைந்தது.

சென்ற ஆண்டு கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி மின்னஞ்சல் எழுதியிருந்தார். இலங்கையிலிருந்து திரும்பியோருக்கென நீலகிரியில் அமைக்கப்பட்ட தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் குடும்பம். ஆறாவது கட்டுரையிலே தம் பாட்டியாரின் தோட்டத்துப் பெயரைக் கண்டாராம். "பாட்டி பன்னிரண்டு வயதிலே கோச்சி ஏறியவர். பாரிசவாதம் வந்த பின்பு நினைவு தடுமாறுகிறது. நாள்தோறும் தங்கச்சி, தங்கச்சி என்று யாரையோ கூப்பிடுகிறார். பாட்டிக்குத் தங்கை இருந்ததாக வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஒருவர் இருந்தாரா, ஐயா? ஏழாவது கட்டுரையிற் பெயர்ப்பட்டியல் வரும் என்று எழுதியிருக்கிறதே, அது எங்கே?"

ஏழாவது கட்டுரை மறைந்துபோன ஒன்பதில் ஒன்று.

அம்மாவிடம் கேட்டோம். அவர் நெடுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு புள்ளைங்க. மூத்தது போயிட்டது. சின்னது சித்தியோட இங்கேயே நின்னுட்டது. அதுக்கு நெத்தியில ஒரு தழும்பு. பேரு... பேரெல்லாம் அப்பா எழுதி வச்சிருந்தாரேய்யா" என்றார்.

அந்தச் சொல்லுக்கு எம்மிடம் மறுமொழி இல்லை. தங்கை ஒருவர் இருந்தது உண்மையென்றும், பெயர் கிடைக்கவில்லையென்றும், அது கிடைக்காமைக்கு நாமே காரணமென்றும் கோத்தகிரிக்கு எழுதினோம். "இருந்தார் என்பதே போதும், ஐயா. இனிப் பாட்டி கூப்பிடும்போது, தங்கச்சி வரும் என்று நாங்கள் பதில் சொல்லுவோம்" என்று அந்தப் பிள்ளை மறுமொழி அனுப்பினார்.

அன்று தொடங்கியதே எமது ஞாயிற்றுக்கிழமை வேலை. அம்மா நினைவிலுள்ளதைச் சொல்லச் சொல்ல, நாம் முதலிற் கொப்பியில் எழுதுகின்றோம். பின்னர் கணினியில் ஏற்றுகின்றோம். அச்சிட்ட படியொன்றைத் தங்கை வீட்டுக்கும் அனுப்புகின்றோம்.

பண்டைக்காலத்து ஓலைச்சுவடிகள் கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகுமுன், ஒவ்வொரு தலைமுறையினரும் அவற்றைப் பெயர்த்தெழுதி வந்தனர். பெயர்த்தெழுத ஆளில்லாதவை அழிந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, எஞ்சிய ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றியிராவிடின் அந்நூல் நம் கைக்கு வருவது இன்னும் எத்தனை காலம் தாழ்ந்திருக்குமோ! நம் காலத்திலே, 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகமும், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து அவ்வழியிலேயே தொண்டு புரிகின்றது. இணையப் பக்கமும் ஓர் ஏடே. அதற்கும் கறையான் உண்டு. அதனையும் பெயர்த்தெழுத ஆள் வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு மேல்தட்டிலும் பழைய கொப்பியொன்று கிடக்கக்கூடும். அதனைப் படம்பிடியுங்கள், தட்டச்சுச் செய்யுங்கள், இணையத்தில் ஏற்றுங்கள். எல்லாஞ் செய்து முடித்தபின், அந்தக் கொப்பியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.

மழை சற்றே விட்டிருக்கின்றது. அம்மா கூப்பிடுகின்றார், இன்னொரு லயத்துக் குடும்பம் நினைவுக்கு வந்ததாம்.