அடியில் படுத்துப் பார்

தேவனாம்பட்டினத்துக் கரையில் பழைய ஃபைபர் படகு ஒன்று கைமாறுவதைக் காலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வாங்க வந்தவர் பெயின்ட்டைப் பார்க்க மாட்டார். முகப்பில் எழுதியிருக்கும் சாமி பெயரையும் பார்க்க மாட்டார். நாலு பேரை விட்டுப் படகை ஒருபக்கமாகச் சாய்க்கச் சொல்லி, ஈர மணலில் முழங்காலிட்டு, அடிப்பாகத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். தண்ணீர் ஊறிய இடத்தில் சத்தம் மாறும். கை அங்கே நின்றுவிடும். அப்புறம் இன்ஜின். கடைசியாக, அந்தப் படகில் தொழிலுக்குப் போன ஆள் ஒருவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்ப் பேசுவார். விலைப் பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடலூரில் நாற்பது வருஷம் மெக்கானிக் பட்டறை வைத்திருந்தவன் நான். பழைய வண்டி பார்க்கும் வித்தையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்கவில்லை. இந்தக் கரையில் நின்று கற்றதுதான் அதிகம்.

போன தை மாதம் தங்கை மகன் வந்தான். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. போனில் ஒரு படத்தைக் காட்டினான். வெள்ளை நிறம், ஜெர்மன் செடான், 2013 மாடல்.

"மாமா, ஆல் வீல் டிரைவ். புதுசுல 60 லட்சத்துக்கு மேல. இப்ப 11 லட்சம் சொல்றாங்க. எங்கிட்ட 12 இருக்கு."

அவன் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் அப்பா கடைசிவரை சைக்கிளை விட்டு இறங்காத மனுஷன். ஆனித் திருமஞ்சனத்துக்கு அம்மாவை நல்ல காரில் உட்காரவைத்துச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று பிள்ளை நினைப்பது நல்ல நினைப்பு. ஆனால் அந்த 12 லட்சம் அவன் ஆறு வருஷம் சேர்த்த பணம். அதனால்தான் திண்ணையில் உட்காரவைத்து ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினேன். அவனைப் போல எத்தனையோ பிள்ளைகள் இன்று இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆடியின் நாலு சக்கரமும் இழுக்கும் கார் பனியில் பிறந்தது. 1970களின் பிற்பகுதியில், பின்லாந்தின் உறைபனியில் ஆடி நிறுவனத்தார் கார்களைச் சோதித்துப் பார்த்தார்கள். கூடவே இல்டிஸ் என்ற ராணுவ வண்டியும் போயிருந்தது. அதற்கு 75 குதிரைத்திறன்தான். அதைவிடப் பலமான கார்களெல்லாம் பனியில் வழுக்கித் திணறியபோது, நாலு சக்கரமும் இழுத்த அந்தச் சின்ன வண்டி முந்திக்கொண்டு போனது. அங்கே கிடைத்த யோசனைதான் 1980 ஜெனீவா கண்காட்சியில் குவாட்ரோ என்ற பெயரில் காராக வந்து நின்றது. மறுவருஷமே சான் ரெமோ ராலியில் மிஷேல் மூட்டோன் அந்தக் காரை ஓட்டி ஜெயித்தார். உலக ராலி வரிசையில் ஒரு பெண் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அந்த வண்டியின் பெருமையைச் சொன்னால் அந்த அம்மாவின் கையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் பனி ஏது? மழை உண்டு. மழையில் நனைந்த ரோட்டில், பலமான இன்ஜின் உள்ள காரை வேகமாக எடுக்கும்போது, ஏற்காடு மலையேறும்போது, நாலு சக்கரப் பிடிமானத்தின் அருமை தெரியும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் நிறைய பேர் அது பிரேக்குக்கும் உதவும் என்று நம்புகிறார்கள். அது தவறு, ஆபத்தான தவறு. இழுப்பதில்தான் இரண்டு சக்கரம், நாலு சக்கரம் என்ற வித்தியாசம். நிறுத்தும்போது எல்லாக் காரும் நாலு சக்கரத்தில்தான் நிற்கிறது. டயர் தேய்ந்திருந்தால் பின்னால் ஒட்டியிருக்கும் எந்த எழுத்தும் காப்பாற்றாது.

வெள்ளத்துக்கும் அது உதவாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 மழை, 2024-இல் ஃபெஞ்சல் கரைகடந்த பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்த நாள் எல்லாவற்றையும் பார்த்தவர்கள் நாம். செடானின் வயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இருக்காது. காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போனால், காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்த்து எடுக்காவிட்டால், சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் கிடைக்காது. சில்வர் பீச் மணலில் இறக்கினாலும் இதே கதிதான். வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து பள்ளம் தோண்டும்.

"அப்ப வேணாங்கறீங்களா மாமா?"

வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்கு என்று தெரிந்துகொண்டு வாங்கு என்றேன். முதலில், அது உண்மையிலேயே ஆல் வீல் டிரைவ்தானா என்று பார். நம் நாட்டில் விற்ற ஜெர்மன் சொகுசு செடான்களில் அது குறைவு. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் செடான்கள் பெரும்பாலும் பின்சக்கர இழுப்பு. ஆடி ஏ4, ஏ6-இல் பெரிய இன்ஜின் வகைகளில்தான் குவாட்ரோவைப் பார்க்கலாம். சின்ன இன்ஜின் வகைகள் பெரும்பாலும் முன்சக்கர இழுப்பு. பெயர்ப்பலகை கடையில் கிடைக்கும், ஒட்டிக்கொள்ளலாம். காரை ராம்ப்பில் ஏற்றி அடியில் பார்த்தால், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு ஒரு நீள ஷாஃப்ட் போக வேண்டும். பின்சக்கர இழுப்புக் காருக்கும் அது உண்டு என்பதால், முன்சக்கரங்களுக்கும் ஆக்ஸில் வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் நாலும் இழுக்கும்.

அடுத்து டயர். இந்த வகைக் காரில் நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னால் புதுசும் பின்னால் பழசும் போட்டால் சுற்றளவு மாறும். சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். நடுவில் பலத்தைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி ஓயாமல் திருகிக்கொண்டே இருந்து சீக்கிரம் போய்விடும். ஒரு டயர் வெடித்தால் இரண்டு, சில சமயம் நாலு வாங்க வேண்டி வரும். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, மெதுவாக வட்டமடித்துப் பார். வண்டி தடுக்கித் தடுக்கிப் போனால் அந்தப் பெட்டியில் கோளாறு இருக்கலாம் என்று அர்த்தம்.

ஆனால் நான் அவனிடம் முக்கியமாகச் சொன்னது பணத்தைப் பற்றி. 60 லட்ச ரூபாய் கார் 11 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதன் உதிரிபாகம் இறங்கவில்லை. லோயர் ஆர்ம், ஹெட்லைட், கியர்பாக்ஸின் மூளைப் பெட்டி எல்லாம் இன்னமும் 60 லட்ச ரூபாய்க் காரின் விலையில்தான் வரும். அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது முதல் ஓனரின் வருமானம். மூன்றாவது ஓனரின் சம்பளத்தைப் பற்றி அந்த வண்டிக்குத் தெரியாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1999-இல் ஒரு வெளிநாட்டு ஆட்டோமேட்டிக் காரை 1,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். நானே மெக்கானிக், எனக்கென்ன பயம் என்று நினைத்தேன். மூன்றாம் மாதம் கியர்பாக்ஸ் நின்றது. பாகம் சென்னையில் இல்லை. பம்பாய்க்குச் சொல்லிவிட்டு எட்டு மாதம் காத்திருந்தேன். வண்டி பட்டறையின் மூலையில் தார்பாய்க்கு அடியில் நின்றது. தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது முதலில் அது கண்ணில் படும். மனைவியின் இரண்டு ஜோடி வளையல் அடகுக்குப் போனது. ஒரு ஜோடிதான் திரும்பி வந்தது. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். கல்யாண வீடுகளுக்கு ஒற்றை ஜோடியோடு அவள் புறப்படும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்திருக்கிறேன். அவள் போய் ஏழு வருஷம் ஆகிறது. அந்தக் காரின் நிறம் இன்னும் மறக்கவில்லை.

அதனால் அவனிடம் சொன்னேன்: 12 லட்சம் இருந்தால் 8 லட்சத்துக்குள் வண்டி பார். மீதி 4 லட்சத்தை வங்கியில் வண்டியின் பெயரில் போட்டுவை. முதல் வருஷத்தில் டயர், பிரேக், எல்லா எண்ணெயும், சஸ்பென்ஷன் புஷ்ஷும் அதிலிருந்துதான் போகும். அந்த 4 லட்சம் இல்லாமல் ஓட்டினால், ஒரு சத்தம் கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். அந்தக் கலக்கத்தோடு ஓட்டுகிற காரில் என்ன சொகுசு? இன்ஷூரன்ஸும் உண்டு. 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே 2022-இல் நிர்ணயித்தபடி 7,897 ரூபாய். சொந்தச் சேதத்துக்கு எடுப்பது தனி.

பேப்பர் விஷயத்தில் நம் பக்கத்து ஆட்கள் தனியாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். புதுச்சேரி கூப்பிடு தூரம். அங்கே வரி குறைவு என்பதால் பிஒய் எண்ணில் பதிவான சொகுசுக் கார்கள் நிறைய உலவுகின்றன. பொய்யான முகவரி கொடுத்து அங்கே பதிவு செய்தார்கள் என்று 2017-இல் கேரளத்தில் சினிமாக்காரர்கள் மீதே வழக்கு வந்தது. பிஒய் வண்டியை வாங்கிக் கடலூரில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால், இங்கே டிஎன் 31-க்கு மாற்றிப் பதிய வேண்டும். அதற்கு அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, இங்கே ஆயுட்கால வரி. 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக்காருக்குத் தமிழ்நாட்டில் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும், கணக்கு தொடங்குவது நீ கொடுக்கும் 11 லட்சத்திலிருந்து இல்லை. டெல்லி வண்டிக்கும் இதே கணக்குதான். 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதிலிருந்து அங்கிருந்து மலிவாகத் தெற்கே வருகின்றன. மலிவாக வருவதன் காரணத்தைத் தெரிந்துகொண்டு வாங்கு.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-இல் கையெழுத்து வேண்டும். வண்டிமேல் கடன் இருந்திருந்தால் படிவம் 35-உம். வாங்கியவன் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். வண்டி நாலு கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் பெயர் மாற்றாமல் விற்பவன் தனக்கே குழி வெட்டுகிறான். பெயர் மாற்ற இழுத்தடிக்கிற புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுக்காதே.

மறுநாளே அந்த வண்டியைப் பார்க்க இரண்டு பேரும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போனோம். வண்டி பளபளவென்று இருந்தது. பிள்ளையின் முகமும் அப்படித்தான். ராம்ப்பில் ஏற்றச் சொன்னதும் விற்பவர் தயங்கினார். பணம் நாங்கள் தருகிறோம் என்ற பிறகு பக்கத்து ஷெட்டுக்கு எடுத்துப் போனார். அடியில் ஷாஃப்ட் இருந்தது, முன்னால் ஆக்ஸில் இருந்தது. உண்மையான ஆல் வீல் டிரைவ்தான். முன் டயர் இரண்டும் ஒரு கம்பெனி, பின் டயர் இரண்டும் வேறு. ஸ்கேனர் போட்டதில் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. பிள்ளைக்கு நம்பிக்கை வந்தது.

நான் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தேன். தினமும் கண்ணில் படுகிற பகுதி சுத்தம். சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒரு முழத்தில் மங்கலாக ஒரு பழுப்புக் கோடு. சீட்டுக்கு அடியில் போல்ட்டுகளில் துரு. கடற்கரை வண்டிக்குத் துரு சகஜம் என்றார் விற்பவர். அது உண்மைதான், எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் கேட்கும். ஆனால் உப்புக்காற்றுத் துரு வெளியிலிருந்து உள்ளே வரும். கார்ப்பெட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் போல்ட்டை அது முதலில் தேடிப் போகாது.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, அந்தக் குழியின் ஓரத்து ஃபெல்ட் துணியைப் பிள்ளையையே தூக்கிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே விரலைவிட்டு எடுத்தான். நுனியில் மாவு போல ஒட்டியிருந்ததைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். ஃபெஞ்சல் வெள்ளம் வடிந்த பிறகு அவன் அம்மா வீட்டுக் கூடத்திலிருந்து வாளி வாளியாக அள்ளிக் கொட்டியவன்.

"மணல் இல்ல மாமா," என்றான். "வண்டல்."

விற்பவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஷெட்காரருக்கு ராம்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம். கடலூர் வரும்வரை அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இன்னொரு காரின் படம் அனுப்பியிருந்தான். முகப்பு இல்லை, சின்னம் இல்லை. ராம்ப்பில் நிற்கும் வண்டியின் அடிப்பாகம். நாலு டயரும் தனித்தனிப் படமாக. இடது முன்சக்கர ஆக்ஸில் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அவனுக்குப் போன் போட்டேன்.