கல் தூண்களின் தீவு

சிறுசேரியில் வாழும் எங்களுக்குக் கடல் புதிதன்று. ஆயினும் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான தீவை, கடந்த விடுமுறையில்தான் முதன்முதலாகக் கண்டோம். உடுப்பியை அடுத்த மல்பேயிலிருந்து படகேறினால் அரைமணி நேரத்தில் செயின்ட் மேரீஸ் தீவு வந்துவிடுகிறது. 1498-இல் வாஸ்கோடகாமா இறங்கிப் பெயர் சூட்டினார் என்பது அவ்வூர் வழக்கு.

கரையெங்கும் சிப்பிகள், வெறுங்காலுடன் நடந்துவிடாதீர்கள். தச்சர் இழைத்து நிறுத்தியவை போல், ஐந்தும் ஆறும் பட்டைகள் கொண்ட கல் தூண்கள் நெருங்கி நிற்கின்றன. ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், மடகாஸ்கர் இந்தியாவினின்றும் பிரிந்த காலத்தில் வெளிப்பட்ட குழம்பு அது. ஆறிச் சுருங்கியபோது, வற்றிய ஏரியின் சேறு வெடிப்பதுபோல் வெடித்து இவ்வடிவம் பெற்றது. மழைக்காலத்தில் படகு ஓடாது. இரவு தங்கவும் அனுமதியில்லை.

தென்னைகள் உண்டு, ஆறோ சுனையோ கண்ணில் படவில்லை. கொண்டுசென்ற இரண்டு புட்டி நீரில் ஒன்று நண்பகலுக்குள் தீர்ந்தது. ளுஹர் நேரம். ஒளுவுக்காக மற்றதைத் திறக்கப் போனேன்.

"அத்தா, கடல் இருக்கிறதே!" என்றாள் பத்து வயது மகள்.

மத்ரஸாவில் நானே நடத்திய பாடம்! வெட்கத்துடன் கடல்நீரில் ஒளுச் செய்து, தென்னை நிழலில் கஸ்ராக இரண்டு ரக்அத் தொழுதோம். மூடி திறவாத அந்தப் புட்டியை, படகு வரும்வரை அவளே மடியில் வைத்துக் காத்திருந்தாள்.